பாவாயி டீச்சர் பேர் கூப்பிட்டபோது

மலை மேற்கே நின்றது, மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது, இந்தப் பக்கம் மேட்டுக்காட்டுப்புதூர் என்று எங்கள் ஊர் இருந்தது. ஊரில் தண்ணீர் இல்லாததால் ஊர் ஆண்கள் எல்லாரும் அடுத்தவர் ஊரில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போனார்கள். மீசை முளைத்ததும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஏறி, ராஜஸ்தான் என்றும் ஒடிசா என்றும் சத்தீஸ்கர் என்றும் அதுவரை பாடத்தில் மட்டும் படித்த இடங்களுக்குப் போய், போர் போட்டு, பாறைத்தூள் படிந்த தலையோடு மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குத் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொண்டு, மஞ்சள் கயிற்றின் ஈரம் காய்வதற்குள் மறுபடி வண்டி ஏறினார்கள். செல்போன் இல்லாத காலம் அது. கடிதம் போட்டால் அது போய்ச் சேர்வதற்குள் ஆள் அடுத்த மாநிலத்தில் இருப்பான். மகன் இருக்கிறானா என்று கேட்டால் அம்மாக்கள் வானத்தைக் காட்டுவார்கள்.

அந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே டீச்சரிடம் அடி வாங்கியவர்கள். பஞ்சாயத்து ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என்றால் பாவாயி டீச்சர்தான். குள்ளமான உருவம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, சுண்ணாம்புக் கட்டி படிந்து எப்போதும் வெளுத்தே இருக்கும் வலது கை. காலை மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, இனிஷியலோடு சேர்த்து, மனப்பாடமாகப் பேர் கூப்பிடுவார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று “உள்ளேன் டீச்சர்” என்று சொல்ல வேண்டும். அவர் “உக்காரு” என்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த பேர்.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது, ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக் கூடாது. அதை மீறுவதற்கென்றே பிறந்தவன் போல நா. குழந்தைவேலு என்று ஒருவன் படித்தான். அவனுடைய சேக்காளி மு. சென்னியப்பன் அப்பா இல்லாத பிள்ளை. காலையில் ஆட்டை ஓட்டிக் கட்டிவிட்டு வருவதற்குள் பாதி நாட்களில் மணி அடித்துவிடும். சென்னியப்பன் பேர் வந்ததும் குழந்தைவேலு தலையைக் குனிந்து, குரலைக் கீச்சென்று மாற்றி, “உள்ளேன் டீச்சர்” என்பான். டீச்சர் கண்ணைத் திறக்காமலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“குழந்தைவேலு, போய்ப் பைப்புக்கிட்ட நில்லு.”

தண்ணீர் வராத அடிபம்பு ஒன்று பள்ளிக்கூட வாசலில் இருந்தது. வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான். ஒருநாள் டீச்சர் அவன் பக்கத்தில் போய்ச் சொன்னார்: “ஏன்டா சாமி, நீ அவனுக்கு நல்லது செய்யறதா நெனைக்கற. இல்லாதவனை இருக்கறான்னு சொல்லிட்டா அப்பறம் அவனை ஆருமே தேட மாட்டாங்க, அது தெரியுமா உனக்கு?” குழந்தைவேலு தலையை ஆட்டினான். மறுநாளும் சொன்னான், மறுநாளும் பைப்பிடம் நின்றான்.

இவர்களும் மீசை முளைத்து வண்டி ஏறிப் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை அது நடந்தது. டீச்சருக்கு முதல் நாள் காய்ச்சல். கண்ணை மூடிப் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், அந்த வருடத்துப் பிள்ளைகளின் பேர்களுக்கு நடுவே என்றோ படித்துப் போன க. ராக்கியண்ணனின் பேரையும் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். அவன் அப்போது ராஜஸ்தானில் இருந்தான். மூன்றாவது பெஞ்சில், அவன் முன்பு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, ஆண்பிள்ளையின் கட்டைக் குரலில், பின்னால் கம்ப்ரசர் இரைச்சலோடும் யாரோ இந்தியில் கத்துகிற சத்தத்தோடும், “உள்ளேன் டீச்சர்” என்று பதில் வந்தது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் குரலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர், “உக்காரு” என்றார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் இதைச் சொல்ல, அன்று சாயங்காலமே ராக்கியண்ணனின் அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். எப்படி வந்தது, ஏன் வந்தது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. “கொரலு எப்பிடிங்க டீச்சர் இருந்துச்சு? சளி கட்டுனாப்ல இருந்துச்சுங்களா?” என்று மட்டும் கேட்டாள். டீச்சர் யோசித்துப் பார்த்து, கொஞ்சம் கட்டினாற்போலத்தான் இருந்தது என்றார். “அதான பாத்தேன். வெறுந்தலையோட நின்னிருப்பான்,” என்று அந்த அம்மா திட்டிக்கொண்டே போனாள், ஆனால் தெருவெல்லாம் கேட்கும்படி சந்தோஷமாகத் திட்டினாள்.

மறுநாள் காலை வாசலில் அம்மாக்கள் கூட்டம். அதற்கடுத்த நாள் பொண்டாட்டிமார்களும் சேர்ந்துகொண்டார்கள். டீச்சர் தம் வகுப்புப் பேர்களை முடித்த பிறகு, பாடம் தொடங்கும் முன், கேட்டவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தார். கூப்பிட்ட பேர் எதுவும் வீண்போகவில்லை. அலை சத்தத்தோடு ஒருவன் சொன்னான், கோயில் மணியோடு ஒருவன் சொன்னான், வாய் நிறையச் சப்பாத்தியோடு ஒருவன் சொன்னான். ஒருவன் சொன்னபோது பின்னால் கைக்குழந்தை அழுதது. அவனுக்கு இங்கே கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விவகாரம் தீர ஒரு வருடம் ஆனது, ஒடிசாக்காரி மருமகளாக வந்து இறங்கி, எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசினாள்.

ஊர் இதற்கென்று வழக்கங்கள் செய்துகொண்டது. ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பேர் கேட்டு ஆள் திடுக்கிட்டால் கை போய்விடும் என்று ஆண்கள் சொல்லி அனுப்பியதால், காலை மணி நேரம் தவிர மற்ற நேரத்தில் டீச்சர் யார் பேரையும் கூப்பிடுவதில்லை, வீதியில் பார்த்தால்கூட “ஏப்பா” என்பதோடு சரி. அந்தக் காலை நேரத்தில் எங்கள் ஊர்க்காரன் இருக்கிற எந்த வண்டியிலும் எஞ்சினை அணைத்தார்கள். பாலைவனத்திலும் காட்டிலும் கடற்கரையிலும் பாறையைக் குடைந்துகொண்டிருந்த இரும்பெல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொள்ள, முரட்டு ஆண்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, தென்பக்கம் பார்த்து, பிள்ளைகளைப் போல நேராக நின்றார்கள். தன் பேர் வருமோ வராதோ, நிற்பது நின்றார்கள். வண்டி முதலாளிகள் முதலில் முறைத்தார்கள், அப்புறம் அவர்களும் பீடியை அணைத்துவிட்டு நின்றார்கள். அந்த வழியாகப் போன வடக்கத்தியார்கள் இது ஏதோ பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்களாம்.

கல்வி அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்து, ஆளில்லாத பெஞ்சிலிருந்து குரல் கேட்டு, “இது என்ன?” என்றார். “பழைய மாணவங்க,” என்றார் டீச்சர். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சத்துணவில் முட்டை சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்கப் போய்விட்டார்.

பதில் வராத காலையும் வந்தது. ஒரு பேரை டீச்சர் கூப்பிட்டார், காத்திருந்தார், மறுபடி கூப்பிட்டார், மறுபடி காத்திருந்தார். பெஞ்ச் பெஞ்சாகவே இருந்தது. டீச்சர் கண்ணைத் திறந்து, வாசலில் நின்ற பொண்டாட்டிக்காரியைப் பார்த்தார். அந்தப் பெண் அப்படியே கீழே உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தந்தி பிறகுதான் வந்தது. அன்று முதல் டீச்சருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கூப்பிட்ட பிறகு வருகிற அந்தச் சின்ன இடைவெளி அவருக்கு மட்டும் நீளமாகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் வெளுத்த கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருக்கும்.

இப்படிப்பட்ட ஒருத்தரைக் கட்சிக்காரர்கள் விட்டுவைப்பார்களா? தேர்தல் வந்தபோது, வெள்ளை வேட்டிகள் கார் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கின. டீச்சர் மாட்டேன் என்றார். “நின்னா மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி இந்தப் பக்கம் வருமுங்க டீச்சர். குடைஞ்சு கொண்டாந்துரலாம்,” என்றார் அவர்களில் மூத்தவர். டீச்சர் ஜன்னல் வழியாக அடிபம்பைப் பார்த்தார். சரி என்றார்.

ஓட்டுக் கேட்கிற விதம் அவருக்குத் தெரியாது. முச்சந்தியில் ஜீப்பை நிறுத்தி, மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, தெரிந்ததைச் செய்தார். பேர் கூப்பிட்டார். கூட்டத்திலிருந்து தலை நரைத்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் “உள்ளேன் டீச்சர்” என்று எழுந்தார்கள், வெளியூரில் இருந்தவர்களின் குரல் அவரவர் வீட்டுக் கூரை மேலிருந்து இறங்கியது, தொகுதி முழுக்க ஒரு வாரம் அந்த ஒரு சொல்லாகவே இருந்தது. எதிர்த்து நின்றவரும் அவரிடம் படித்தவர்தான். அவர் பேரையும் டீச்சர் கூப்பிட்டார், பாவம், மேடையிலேயே எழுந்து கையைக் கட்டி நின்று பதில் சொல்லிவிட்டார். அப்புறம் எங்கே ஜெயிப்பது!

டீச்சர் சென்னைக்குப் போனார், எம்.எல்.ஏ. ஆனார், ஆள் நேர்மையாக இருக்கிறாரே என்று அடுத்த தடவை தொழிலாளர் நலத்துக்கு அமைச்சராகவும் ஆக்கினார்கள். மாண்புமிகு பாவாயி அம்மாள் என்று போர்டு எழுதினார்கள். நாங்கள் டீச்சர் என்றே சொன்னோம். அங்கும் காலையில் கொஞ்ச காலம் பேர் கூப்பிட்டார். பங்களாவின் காலி நாற்காலிகள் பதில் சொல்லின. பிறகு காலையில் கூட்டம் வந்தது, கோப்பு வந்தது, கொடி கட்டிய கார் வந்தது. ஊரில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டதால் நாங்களும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. மெல்ல மெல்ல வண்டிகளில் எஞ்சின் அணைப்பதும் நின்றுபோனது.

சட்டசபையிலும் ஒரு வழக்கம் இருந்தது, டீச்சருக்கு அது முதல் நாளிலிருந்தே நெருடியது. “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க,” என்று அவைத் தலைவர் கேட்பார்; ஒரு பக்கத்து வரிசை முழுக்கச் சேர்ந்து “ஆம்” என்று ஒரே குரலாகச் சொல்லும். யார் சொன்னார், யார் சொல்லவில்லை, யாருக்காக யார் சொன்னார் என்று தெரியாது. வகுப்பாக இருந்தால் டீச்சர் பாதிப்பேரைப் பைப்பிடம் அனுப்பியிருப்பார். ஆனால் பழகிக்கொண்டார்.

மலையைக் குடைகிற வேலை தொடங்கியது. உள்ளே வெடி வைத்தால், மேல்பாறைக்கு முட்டுக் கொடுத்து, அது அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆள் போக வேண்டும் என்று விதி இருந்தது. தேர்தலுக்குள் தண்ணீர் வர வேண்டுமானால் அந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள். விதியைத் தளர்த்தும் தீர்மானம் டீச்சரின் துறையிலிருந்தே சபைக்கு வந்தது. அன்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அடிபம்பு நினைவுக்கு வந்தது, குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக “ஆம்” என்றார்.

சொந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை என்பதால் எங்கள் ஆண்கள் வடக்கிலிருந்து திரும்பி வந்து அதில் சேரப் பார்த்தார்கள். குழந்தைவேலுவுக்கும் சென்னியப்பனுக்கும்தான் இடம் கிடைத்தது, மற்றபடி பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆள் கொண்டுவந்திருந்தார்கள். பாறை அவர்களுக்குப் பழகினது.

மாரியம்மன் நோன்பிக்கு முந்தின நாள் சுரங்கத்தின் வாய் இடிந்து மூடியது. நோன்பிக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், உள்ளே ஒருத்தரும் இல்லை என்று வேலை எடுத்தவர்கள் சொன்னார்கள். அரசாங்கமும் அதையே சொன்னது. கல்லை வாரிப் போட்டு வழியைச் சரிசெய்ய மாதக் கணக்கில் ஆகும், அவசரமில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் சென்னியப்பன் நோன்பிக்கு வந்து சேரவில்லை. போன் அடிக்கவே இல்லை. அவன் அம்மா மாரக்காள் பொங்கல் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கட்டின சீலையோடு சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

பங்களா வாசலில் அவளை விடவில்லை. அமைச்சரின் உதவியாளர் நல்ல மனுஷன்தான், நச்சரிப்புத் தாங்காமல், சபையை மாடத்திலிருந்து பார்க்க ஒரு அனுமதிச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார். “அங்க போனா டீச்சரைப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டாள். பார்க்கலாம், பேசக்கூடாது என்றார்கள்.

டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. யார் யார் அந்த வேலைக்குப் போனார்கள் என்று அவருக்குத் தெரியும். பேரைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்றும் தெரியும். இடிந்த செய்தி வந்த காலையிலிருந்து அவர் வாய் வரைக்கும் அந்தப் பேர்கள் வருவதும், அவர் விழுங்குவதுமாகவே இருந்தது. கூப்பிட்டு, பதில் வராவிட்டால்? அவர் சத்தமாகச் சொன்ன அந்த “ஆம்” அல்லவா அவர்களை உள்ளே அனுப்பியது! வாழ்நாளெல்லாம் பேர் கூப்பிட்டவர், இரண்டு பேரைக் கூப்பிடப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சபையில் எதிர்க்கட்சியினர் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டுக் கூச்சலிட்டு வெளிநடப்புச் செய்திருந்தார்கள். அவர்கள் வரிசை காலியாகக் கிடந்தது. டீச்சர் எழுந்தார். “உள்ளே யாரும் இல்லை என்பதை இப்பேரவைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கும் முன் ஏதோ தோன்றித் தலையைத் தூக்கியவர், மாடத்தில் மாரக்காளைப் பார்த்தார். அவள் பேசவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் காலை மணிக்கு நிற்பதைப் போல நின்றாள்.

டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தார். மேசை விளிம்பைப் பிடித்தார். கண்ணை மூடினார்.

“நா. குழந்தைவேலு.”

சபை சிரிக்கத் தயாரானது. அதற்குள், காலியாகக் கிடந்த எதிர்க்கட்சி வரிசையிலிருந்து, மண் விழுந்த தொண்டையோடு, எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கும் கல் நகரும் சத்தத்துக்கும் நடுவிலிருந்து, “உள்ளேன் டீச்சர்” என்று வந்தது.

மண்டபத்தில் குளிர்ந்த காற்று வந்ததாகவும், ஈரப் பாறையின் மணம் வந்ததாகவும் பிற்பாடு சொன்னார்கள். உறுப்பினர்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். உறுப்பினர் அல்லாதவர் அவையில் பேச விதியில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்த அவைத் தலைவரும் நின்றார். டீச்சருடைய கன்னத்தில் தண்ணீர் ஓடியது. “உக்காரு,” என்றார். பிறகு அடுத்த பேர்.

“மு. சென்னியப்பன்.”

ஒன்றும் வரவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். மாரக்காள் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் மறுபடி கூப்பிட்டார். அப்போது, “உள்ளேன் டீச்சர்” என்று ஒரு குரல் வந்தது. கீச்சென்று, மாற்றின குரல்.

கண்ணைத் திறக்காமலே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

“குழந்தைவேலு,” என்றார், மெதுவாக. “உன்ற பேருக்கு மட்டும் சொல்லு.”

அத்தனை வருடமாகக் கூப்பிட்டதில் அந்த இரண்டு சொல்லுக்கு மேல் எந்தக் குரலும் பேசியதில்லை. அன்று பேசியது.

“டீச்சர், சென்னியப்பன் எங்கூடத்தான் இருக்கறான். அவன் கையை நான் புடிச்சிருக்கறேன். எங்க ரெண்டு பேரு பக்கத்துல இன்னும் ஆளுக இருக்குது, அவிய பேரு உங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர்.”

ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக் கூடாது. அவர் வகுப்பில் இருந்த ஒரே சட்டம் அது. அவர் வாய் திறந்து என்ன சொல்லப்போகிறார் என்று சபை காத்திருந்தது.

“சரி,” என்றார் டீச்சர். “ரெண்டு பேரும் உக்காருங்க.”

உள்ளே ஆள் இருப்பதை அதற்கு மேல் யாரும் மறுக்க முடியவில்லை, அந்தக் குரல்களை அவைக் குறிப்பிலிருந்து நீக்கியதோடு அவைத் தலைவர் தம் விதியைக் காப்பாற்றிக்கொண்டார். டீச்சர் சபையிலிருந்து நேராக மலைக்குப் போனார். காரில் போகும்போதே கண்ணை மூடி, நோன்பிக்கு வர முடியாமல் வடக்கே இருந்த தம் பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். காலை மணி இல்லை, வழக்கம் இல்லை, எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனாலும் கேட்டது. பாலைவனத்திலிருந்தும் காட்டிலிருந்தும் ரிக் வண்டிகள் திரும்பின. சாலையெல்லாம் வெள்ளைத் தூசியாக, ஒன்றன் பின் ஒன்றாக, ஹாரன் அடிக்காமல் அவை வந்ததைப் பார்த்தவர்கள் வயல் வரப்பில் நின்று கும்பிட்டார்கள். அண்ணாந்து நிற்கிற மலையின் நெற்றியில் ஏறி நின்று, உச்சியிலிருந்து கீழே துளை போட்டார்கள். டீச்சர் பாறையில் உட்கார்ந்து பேர் கூப்பிட, அடியிலிருந்து வருகிற குரலைக் காது வைத்துக் கேட்டுத் திசையைத் திருத்திக்கொண்டார்கள். துளை வழியாக முதலில் உள்ளே காற்றுப் போயிற்று, பிறகு தண்ணீர் போயிற்று, பிறகு ஆள் ஏறி வர வழி போயிற்று.

எல்லாரும் வெளியே வந்தார்கள். பீகார்க்காரர்கள் வந்தார்கள், ஜார்க்கண்ட்காரர்கள் வந்தார்கள். கடைசியாகக் குழந்தைவேலு சென்னியப்பனின் கையைப் பிடித்தபடியே வந்தான். பிரிக்க முடியாமல் இரண்டு பேரையும் ஒரே கட்டிலில்தான் தூக்கி வந்தார்கள். சென்னியப்பன் இறந்து நாளாகியிருந்தது.

மாரக்காள் மகனின் முகத்தில் இருந்த பாறைத்தூளை முந்தானையால் துடைத்தாள். அழுது முடித்த பிறகு டீச்சரிடம் சொன்னாள்: “எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க டீச்சர். பெத்தவளுக்கு மகன் கொரலு தெரியாதுங்களா? ஆனா நீங்க சரீன்னீங்க பாருங்க. அதுனாலதான் இன்னைக்கு என்ற மடியில கெடக்கறான்.”

காரியம் முடிந்த மறுநாள் டீச்சர் பதவியை விட்டுவிட்டு, கொடி இல்லாத காரில் ஊர் வந்து, காலை மணி அடிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். புது டீச்சர் பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீச்சர் குழந்தைவேலுவை வரச் சொன்னார். கால் கட்டோடு, பெரிய மீசையோடு, அவன் வந்து வாசலில் நின்றான்.

“ஏன்டா அவனுக்குச் சொன்ன?”

“சட்டம் தெரியுமுங்க டீச்சர். இல்லாதவனை இருக்கறான்னு சொன்னா ஆருந் தேட மாட்டாங்கன்னு சொன்னீங்க.” அவன் திரும்பி மலையைப் பார்த்தான். “ஆனா அங்க உள்ள, இல்லைன்னு சொல்லீருந்தா அவனைத் தேட மாட்டாங்க டீச்சர். இருக்கற எங்களை எடுத்துட்டு, அவனை மட்டும் மலைக்குள்ளயே வுட்டுருவாங்க.”

டீச்சர் வாசலைக் காட்டி, “பைப்புக்கிட்ட நில்லு,” என்றார். அவன் நொண்டிக்கொண்டே போய் அடிபம்பைப் பிடித்து நின்றான். டீச்சரும் பின்னாலேயே போய், அவனுக்குப் பக்கத்தில், வெயிலில், பம்பைப் பிடித்து நின்றார்.

“நீங்க எதுக்குங்க டீச்சர்?”

“நானும் அடுத்தவங்களுக்காகச் சொன்னவதான் சாமி. பாறைக்குள்ள போறவன் நீ. ஆம்னு சொன்னது நான்.”

ஊர் வந்து பார்த்தது. தெருக் கோடி வரைக்கும் ஆட்கள் நின்றார்கள், யாரும் நிழலுக்குக் கூப்பிடவில்லை, யாரும் போகவும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரக்காள் வந்தாள்.

“போதுமுங்க டீச்சர். பேரைக் கூப்புடுங்க. எல்லாத்தையும் கூப்புடுங்க. அவனையும் சேத்துக் கூப்புடுங்க.”

டீச்சர் பம்பை விடாமல் கண்ணை மூடினார். அந்தப் பழைய வகுப்பை முதலிலிருந்து கூப்பிட்டார். கூட்டத்திலிருந்தும் கூரைகளிலிருந்தும் பதில் வந்தது, வடக்கே மறுபடி எஞ்சின்கள் அணைந்திருக்கும், அந்த அமைதி எங்கள் காது வரைக்கும் வந்தது. குழந்தைவேலு தன் பேருக்கு மட்டும் சொன்னான். பிறகு அடுத்த பேர்.

“மு. சென்னியப்பன்.”

குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். காற்றுகூட அசையவில்லை. டீச்சர் காத்திருந்தார், மறுபடி கூப்பிட்டார், காத்திருந்தார். பெற்றவள் அவர் எதிரில் வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, கையைக் கட்டி, பள்ளிக்கூடமே போகாதவள், பிள்ளையைப் போல நேராக நின்றாள்.

“உள்ளேன் டீச்சர்,” என்றாள் மாரக்காள்.

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. அது யார் குரல் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

“உக்காரு கண்ணு,” என்றார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்.